பதில்: சம்சு குடிக்கும் அக்காவும் பிள்ளைகளும்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கும் உங்கள் அக்கா சம்சு என்கிற மலிவுச் சாராயத்தைக் குடித்துவிட்டு ஒருநாள் பிள்ளைகளை அடிக்கிறார், மறுநாள் கேட்டதெல்லாம் வாங்கித் தருகிறார், பிள்ளைகளைக் கூட்டிவந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் அப்பாவும் குடிகாரர் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், தங்கச்சி. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அப்பா இன்றைக்கு எப்படி வருவாரோ என்று பயந்தே வளர்ந்த பெண், நிதானமாகக் கண்டிப்பதை எங்கே பார்த்துப் பழகியிருப்பார்? அடிப்பது, அப்புறம் மனசு உறுத்திச் செல்லம் கொடுப்பது, இதுதானே அந்த வீட்டிலும் நடந்திருக்கும்? அடியை நான் நியாயப்படுத்தவில்லை. (தோட்டப்புறத்தில் ஆண் குடித்தால் உடம்பு அலுப்பு, பெண் குடித்தால் மானக்கேடு. அதனாலேயே ஒளித்துக் குடிக்கிறார்கள், கிளினிக் பக்கம் போவதில்லை.)

இன்றோடு நிறுத்து என்று மட்டும் சத்தியம் வாங்காதீர்கள். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்து. முதலில் அரசாங்க கிளினிக்கில் டாக்டரைப் பார்க்கட்டும், நீங்களும் கூடப் போங்கள்.

பிள்ளைகள் பள்ளி விட்டதும் பாட்டி வீட்டுக்குப் போகட்டும். அக்காவிடம் சொல்லியே செய்யுங்கள். அடி மிஞ்சினால் யோசிக்கவே வேண்டாம், அரசாங்க உதவி எண் தாலியான் காசே 15999-ஐக் கூப்பிடுங்கள், இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.