சமூகப் பொருளாதார வரலாறு என்றால் என்ன? அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

அதிபர்களையும் போர்களையும் தள்ளிவைத்துவிட்டு, சாதாரண மக்கள் எப்படிப் பிழைத்தார்கள், யாரிடம் என்ன கொடுத்து என்ன வாங்கினார்கள் என்று தேடுவதுதான் சமூகப் பொருளாதார வரலாறு.

எனக்குப் பிடித்த உதாரணம் லாரல் தாட்சர் உல்ரிச் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியரின் ஆய்வு. அமெரிக்காவின் மெய்ன் பகுதியில் ஹாலோவெல் என்ற ஊர். அங்கே மார்த்தா பாலர்ட் என்ற மருத்துவச்சி 1785 முதல் 1812 வரை நாட்குறிப்பு எழுதினார். அன்றைய வானிலை, யார் வீட்டில் பிரசவம், கூலி வந்ததா, மகள்கள் தறியில் என்ன நெய்தார்கள், இவ்வளவுதான். கென்னபெக் ஆற்றைப் படகில் கடந்துபோய்ப் பார்த்த பிரசவங்களும் சேர்த்து மொத்தம் 816. முன்பு பார்த்தவர்கள் இதைச் சில்லறை விஷயம் என்று ஒதுக்கிவிட்டார்கள். உல்ரிச் வரிவரியாகப் படித்து 1990இல் நூலாக்கினார். அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு.

சரி, இதில் என்ன இருக்கிறது? அக்காலக் கணக்கேடுகள் பெரும்பாலும் ஆண்களுடையவை. பெண்கள் நெய்த துணியும், வீட்டுக்கு வீடு கைமாறிய பொருளும் உழைப்பும் அவற்றில் அவ்வளவாக ஏறவில்லை. ஊர்ப் பொருளாதாரத்தில் ஒரு பெரும் பங்கு கண்ணில் படாமலே கிடந்தது. அதைக் காட்டியது இந்த நாட்குறிப்புதான்.

பாட்டியின் பால் கணக்கு நோட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் ஒன்றும் இருக்காது. முப்பது வருட நோட்டுகளை அடுக்கினால் குடும்பத்தின் கதையே வந்துவிடும்.

அப்புறம், ‘அடக்கமான பெண்கள் வரலாற்றில் இடம்பெறுவது அரிது’ என்ற உல்ரிச்சின் 1976ஆம் ஆண்டு வரியை, அடங்காமல் இருங்கள் என்ற அறைகூவலாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அவர் சொன்னது, அப்படிப்பட்ட பெண்களை வரலாற்றாசிரியர்கள் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்பதைத்தான்.