செக்கும் 'செக்'கும் சொந்தமா?

கேள்வி: இங்கிலீஷ் 'செக்' நம்ம எண்ணெய்ச் செக்குலேர்ந்து போனதாமே? மாடு செக்க விட்டு நகர முடியாம சுத்துறதால 'கட்டுப்படுத்து'ன்னு அர்த்தம் வந்துச்சுன்னு வாட்ஸ்அப்ல படிச்சேன். பேங்க் செக், செக்கப், செக்போஸ்ட், செக் சட்டைன்னு இத்தனை அர்த்தம் தமிழ் வேர் இல்லாம எப்படி வரும்?

பதில்: சத்தம் ஒத்துப்போனா போதும்னா, செக் குடியரசுல இருக்கறவங்க எல்லாரும் எண்ணெய் ஆட்டுற பரம்பரைன்னு அடுத்த ஃபார்வர்டு வரும், அதையும் மறக்காம அனுப்புங்க.

இங்கிலீஷ் 'செக்'கோட வேர் பாரசீக 'ஷா'. ராஜான்னு அர்த்தம், ஷாஜகான் பேர்ல இருக்கே அதே ஷாதான். சதுரங்கம் இங்கேர்ந்து பாரசீகம் போய், அரபுக்காரங்க கைக்கு மாறி, அப்படியே ஐரோப்பாவுக்குள்ள நுழைஞ்சப்ப, எதிராளி ராஜாவ தாக்கறப்ப சொல்ற அந்த 'ஷா'வும் கூடவே போச்சு, லத்தீன்ல மாறி பழைய பிரெஞ்சுல 'எஷெக்' ஆகி இங்கிலீஷ்ல 'செக்'னு நின்னுச்சு. செஸ்ங்கற பேரே அந்த 'எஷெக்'கோட பன்மைதான். ராஜாவுக்கு செக் விழுந்தா நினைச்ச ஆட்டம் ஆட முடியாது, முதல்ல அத சமாளிக்கணும், அதுலேர்ந்து தடுக்கறது, அப்புறம் கட்டுப்படுத்தறது, சரிபார்க்கறதுன்னு கிளை விட்டுச்சு. நம்மூர் பேப்பர்ல 'எதிர்க்கட்சிக்கு செக்'னு தலைப்பு போடுறாங்களே, பழைய அர்த்தத்துக்கு அதுதான் ரொம்ப கிட்ட.

சட்டை விஷயம் சிம்பிள், செஸ் போர்டு கட்டம். ஆனா அந்தக் கட்டம் இங்கிலாந்து கஜானாவுக்கே பேர் வச்சிருக்கு. 12-ம் நூற்றாண்டுல அங்க 10 அடி நீளம், 5 அடி அகலத்துல ஒரு மேஜை போட்டு, மேல கோடு போட்ட கறுப்புத் துணிய விரிச்சு, பென்னி, ஷில்லிங், பவுண்டுன்னு தனித்தனி பத்தியில வில்லைகள அடுக்கி, ஊர் ஊரா வரி வசூல் பண்ணிட்டு வர்ற ஷெரிஃப்கிட்ட கணக்கு கேட்பாங்க. கஜானா பொறுப்புல இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீலே எழுதி வச்சிருக்கார், சதுரங்கத்துல ரெண்டு ராஜா மோதற மாதிரி இங்க பொருளாளரும் ஷெரிஃப்பும் மோதறாங்கன்னு. (இன்னிக்கு நம்ம ஆடிட்டிங்ல மட்டும் வேற என்ன நடக்குது?) அந்த மேஜையோட பேர்தான் 'எக்ஸ்செக்கர்', பிரிட்டன் நிதியமைச்சர் பதவி இன்னும் அந்தப் பேர்லதான் ஓடுது.

பேங்க் செக்? போர்ஜரி பண்ணாம தடுக்க, சரிபார்க்க வச்சிருந்த அடிக்கட்டைக்குதான் முதல்ல அந்தப் பேர், அப்புறம் கிழிச்சுக் குடுக்கற தாளுக்கே ஒட்டிக்கிச்சு. அமெரிக்காவுல ஹோட்டல் பில்லும் செக்தான்.

பெருமைப்பட்டே ஆகணும்னா சதுரங்கத்துக்கு படுங்க, அது நிஜமாவே இந்தியாவுலேர்ந்து போனது. என்ன, அந்தப் பேர் சமஸ்கிருதம், உங்க குரூப்ல போட்டா அட்மின் தூக்கிடுவார்.