நான் ரோபோ இல்லை

மதிப்பிற்குரிய ஐயா,

என் அப்பாவுக்குப் பார்வை மிகக் குறைவு. கணினியில் ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள், வைத்திருக்கிறார். மவுஸைத் தொடாமல் டேப் விசையாலேயே எல்லாம் செய்வார். இணையத்தளங்களில் வரும் ‘நான் ரோபோ இல்லை’ பெட்டியில் நான் டிக் அடித்தால் உடனே விட்டுவிடுகிறது. அவர் அடித்தால் படப்புதிர் வருகிறது. ஒலிப்புதிரைக் கேட்டால், ‘உங்கள் கணினி தானியங்கிக் கோரிக்கைகளை அனுப்பக்கூடும், பிறகு முயலுங்கள்’ என்கிறது. தத்கால் டிக்கெட்டை பாட்கள் என்ற தானியங்கி நிரல்கள் அள்ளிக்கொண்டு போகின்றன. மனிதன் மாதிரி நடிக்கும் இயந்திரம் உள்ளே போகிறது, மனிதன் வெளியே நிற்கிறான். இந்தப் பெட்டி எதை வைத்துத்தான் முடிவு செய்கிறது?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

பெட்டியில் விழும் டிக்குக்குத் தனியாக எந்த மதிப்பும் இல்லை. அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதுதான் கணக்கு. எதையெல்லாம் பார்க்கிறது என்ற முழுப் பட்டியலை, பெட்டியை உருவாக்கிய கூகுள் வெளியிடுவதில்லை. ஆனால் பாட் தடுப்பு வேலையில் இருப்பவர்கள் பார்க்கும் அடையாளங்கள் பெரிய ரகசியமும் இல்லை.

உலாவியைத் தானாக இயக்கும் செலினியம் போன்ற கருவியை வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால், கிளிக் அதன் நட்டநடுவில் விழும். கை அப்படி அழுத்தாது. முதலில் வேகமாகப் போகும், கிட்டே வந்ததும் நிதானிக்கும், பல சமயம் இலக்கைக் கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பி வரும், நடுவை விட்டு விலகித்தான் அழுத்தும். விசையை அழுத்துவதற்கும் விடுவதற்கும் நடுவே உள்ள நேரம்கூட ஒவ்வொரு முறையும் மாறும். போதாததற்கு, தானியங்கிக் கருவி ஓட்டும் உலாவி ‘என்னை இயக்குவது நிரல்’ என்று ஒரு கொடியைத் தானாகவே உயர்த்திவிடும். அனுபவமில்லாத பாட்காரர்கள் அதிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

அனுபவமுள்ளவர்கள் கொடியை இறக்கிவிட்டு, மவுஸ் அம்பை வளைந்த பாதையில் ஓட்டுவார்கள், இடையிடையே தாமதம் சேர்ப்பார்கள். இங்கே நடக்கும் வழக்கமான தவறு, 1 விநாடிக்கும் 3 விநாடிக்கும் நடுவே ஏதோ ஒரு எண்ணைச் சீராக எடுக்கச் சொல்வது. நூறு கிளிக்குகளின் இடைவெளிகளை வரைந்து பார்த்தால் அது தட்டையாக இருக்கும். மனிதனின் இடைவெளிகளோ பெரும்பாலும் குறுகியவை; நடுவில் ஒன்றிரண்டு மட்டும் மிக நீண்டவை, யாரோ கூப்பிட்டார்கள், அடுப்பில் பால் பொங்கியது என்று. இது தெரிந்தவர்கள் நிஜ ஆட்களின் மவுஸ் ஓட்டத்தைப் பதிவுசெய்து திரும்ப ஓட்டுகிறார்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: ஒரே பாதை இரண்டாம் முறை அச்சாக வந்தால் போதும், பிடித்துவிடலாம். எந்த மனிதனும் ஒரே கோட்டை அப்படியே இரண்டு முறை வரைவதில்லை.

இப்போது உங்கள் அப்பாவைப் பாருங்கள். மவுஸ் அசைவே இல்லை. பக்கம் திறந்ததும் டேப் விசை நேராகப் பெட்டிக்குப் போகிறது. என்டர் அழுத்தியதும் பல சமயம் ஸ்கிரீன் ரீடர்தான் உலாவியிடம் கிளிக்கைச் சொல்கிறது, அதாவது கிளிக் வருவது ஒரு மென்பொருளிடமிருந்து. பதிவேட்டில் இவை எல்லாமே நிரலின் அடையாளங்கள். அவர் ஒழுங்காக வேலை செய்கிறார், அதுதான் சந்தேகத்தைக் கிளப்புகிறது. தடுமாற்றத்தை மனிதத்தன்மைக்குச் சான்றாக வைத்த எந்தச் சோதனையும் இப்படித்தான் போய் முடியும்.

புதிர்களும் இயந்திரத்துக்கு இப்போது கஷ்டமில்லை. ஆளா இயந்திரமா என்று பார்க்கும் இந்தச் சோதனைக்குக் கேப்ட்சா என்ற பெயரை 2000 வாக்கில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் வைத்தபோது, கோணல் எழுத்துகளைக் கணினியால் படிக்க முடியாது என்பதே அடிப்படை. 2014இல் கூகுளே, மிகக் கடினமான கோணல் எழுத்துகளைத் தன் நிரல் 99.8 சதவீதம் சரியாகப் படிக்கிறது என்று சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் வந்ததுதான் டிக் பெட்டி. ஒலிப்புதிரை 2017இல் மேரிலாண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இலவசமாகக் கிடைக்கும் பேச்சறியும் சேவைகளை வைத்தே சுமார் 85 சதவீதம் உடைத்தார்கள். சிக்னல், படிக்கட்டு, பேருந்துப் படங்களை 2024இல் சூரிச்சின் இ.டி.எச். பல்கலைக்கழகக் குழு நூற்றுக்கு நூறு தீர்த்துக் காட்டியது. இதையெல்லாம் செய்யச் சோம்பலாக இருந்தால், காசு கொடுத்து ஆள் வைத்துப் புதிர் தீர்க்கும் சேவைகள் இருக்கின்றன. படம் அங்கே போகும், ஒரு மனிதர் பார்த்துச் சொல்வார், விடை பாட் நிரலுக்குத் திரும்பும். அந்தச் சோதனையில் மனிதன் இருக்கிறான், ஆனால் இயந்திரத்துக்குக் கூலி வேலை பார்த்துக்கொண்டு. இதற்குத் தலைகீழும் நடக்கிறது. சின்னச் சின்ன வேலைகளை ஆட்களுக்குக் கூலிக்குக் கொடுக்கும் அமேசானின் மெக்கானிக்கல் டர்க் தளத்தில் மனிதர்களுக்கென்று கொடுத்த சுருக்கி எழுதும் வேலையில், மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிக்குச் சற்றுக் குறைவு வரையானவர்கள் சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரியை வைத்து எழுதியிருக்கலாம் என்று 2023இல் ஒரு ஆய்வு மதிப்பிட்டது.

தத்காலுக்கு வருவோம். ஐ.ஆர்.சி.டி.சி. ஒரு கட்டத்தில் பயணிகள் விவரப் பக்கத்துக்கு 25 விநாடி, கேப்ட்சாவுக்கு 5 விநாடி என்று குறைந்தபட்ச நேரம் வைத்தது. அதைவிட வேகமாக முடித்தால் அது ஆள் இல்லை என்று அர்த்தம். நல்ல யோசனை மாதிரித்தான் தெரியும். ஆனால் காத்திருப்பதில் நிரலுக்கு என்ன நஷ்டம்? 25ஆவது விநாடியில் அது அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். நான்கு பேர் விவரத்தைக் கையால் அடிக்கிறவர் அப்போது இரண்டாவது பயணியின் வயதில் இருப்பார்.

2025 ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்த்த கணக்குக்கு மட்டுமே இணையத்தில் தத்கால், ஜூலை 15 முதல் ஆதார் ஓ.டி.பி.யும் கட்டாயம் என்று ஆனது இதனால்தான். நடத்தையைப் பார்த்து ஆளையும் நிரலையும் பிரிக்கும் முயற்சியை ரயில்வே பாதி கைவிட்டுவிட்டது என்றே நான் இதை எடுத்துக்கொள்கிறேன். ‘நீ மனிதன் மாதிரி இருக்கிறாயா’ என்று கேட்டவர்கள் இப்போது ‘நீ யார், காகிதத்தைக் காட்டு’ என்கிறார்கள். எனக்கு இதில் முழு நிம்மதி இல்லை. டிக்கெட்டுக்குச் சரி. செய்தி படிக்க, ஒரு கருத்து எழுத எல்லாவற்றுக்கும் இதே வழி வந்தால் பெயர் சொல்லாமல் எதையும் செய்ய முடியாது.

உங்கள் அப்பாவுக்கு ஆக வேண்டியது இவை. மறைநிலைச் சன்னலில் திறக்க வேண்டாம், வி.பி.என். இருந்தால் அணைத்துவிடுங்கள், குக்கீகளை ஒவ்வொரு முறையும் அழிக்க வேண்டாம். கூகுள் கணக்கில் நுழைந்தே இருக்கட்டும். பழைய வரலாறு உள்ள உலாவிக்குச் சந்தேகம் குறைவு. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஒரே ஐ.பி. முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்வது சாதாரணம், அவர்களில் ஒருவர் பாட் ஓட்டினால்கூட உங்களுக்கும் புதிர் வரும். அதனால் வீட்டு பிராட்பேண்ட் இருந்தால் அதில் முயலுங்கள். ‘தானியங்கிக் கோரிக்கை’ என்ற செய்தி வந்தபின் திரும்பத் திரும்ப அழுத்தினால் சந்தேகம் கூடத்தான் செய்யும். கொஞ்ச நேரம் விட்டுவிட்டு வாருங்கள்.

தத்காலுக்கு, முந்தின நாளே பயணிகள் விவரத்தை மாஸ்டர் லிஸ்ட்டில் ஏற்றிவையுங்கள். அப்பாவின் கணக்கில் எடுப்பதானால் அதில் ஆதார் சரிபார்ப்பை முடித்து, ஆதாரோடு இணைத்த எண் அவர் கையில் இருக்கும் போன்தானா என்றும் பாருங்கள். ஏ.சி. வகுப்புக்குக் காலை 10 மணி, ஏ.சி. இல்லாததற்கு 11. அந்தந்த முதல் அரை மணி நேரம் முகவர்களுக்கு அனுமதி இல்லை.