திரை இருண்ட 20 நிமிடங்கள்

கேள்வி: 2024 மக்களவைத் தேர்தல் முடிந்த சில நாள்களில், உதகையில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் வைக்கப்பட்டிருந்த பாதுகாப்பு அறையின் கேமராக் காட்சிகள் சுமார் 20 நிமிடம் தெரியாமல் போயினவே, அந்த நேரத்தில் எங்கள் வாக்குகளை மாற்றியிருக்க முடியாதா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. தொழில்நுட்பக் கோளாறு என்று அதிகாரிகள் விளக்கம் அளித்தபோதும், அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கும் மனம் அமைதிப்படவில்லை. ஆனால் கேமரா காவலுக்கு மட்டுமே. கணக்குக்கு வேறு சான்றுகள் உண்டு.

ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், குன்னூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளியில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்திருக்கிறேன். பனி விலகாத விடியலில், வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகளாவது போட்டு மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, எண்ணிக்கையைச் சரிபார்த்து, அந்தப் பதிவை அழித்து, யாருக்கு வாக்களித்தோம் என்பதைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் கருவியின் பெட்டியில் விழுந்த சீட்டுகளைக் கறுப்பு உறையில் இட்டு முத்திரை வைத்த பிறகே உண்மையான வாக்குப்பதிவைத் தொடங்குவோம். வாக்குகளைப் பதிந்து வைக்கும் கட்டுப்பாட்டுக் கருவியில் பொருத்தும் பச்சைத் தாள் முத்திரையில் வரிசை எண் அச்சிட்டிருக்கும். குளிரில் விறைத்த விரல்களால் அதில் கையெழுத்திட்ட ஒரு முதிய முகவர், அந்த எண்ணைத் தம் சிறு குறிப்பேட்டில் எழுதி, இலக்கம் இலக்கமாக மறுபடியும் ஒப்பிட்டுப் பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. மாலையில் பதிவான மொத்த வாக்குகளைப் படிவம் 17சி-யில் எழுதி, முகவர்களுக்கு நகல் கொடுப்போம். வாக்கு எண்ணும் நாளில் முத்திரை எண்ணும் மொத்தமும் அவர்கள் கையில் இருப்பவற்றோடு ஒத்திருக்க வேண்டும்.

மொத்தம் சரியாக இருந்து, யாருக்கு எத்தனை என்பது மட்டும் மாறியிருந்தால்? படிவம் 17சி அதைக் காட்டாது. நாம் 7 விநாடி பார்த்தபின் பெட்டிக்குள் விழும் விவிபேட் சீட்டுதான் காட்டும். ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் குலுக்கலில் தேர்ந்த 5 வாக்குச்சாவடிகளின் சீட்டுகளை எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் ஆணையிட்டது. நீலகிரி மக்களவைத் தொகுதியில் 6 சட்டமன்றத் தொகுதிகள் இருப்பதால், இங்கே 30 சாவடிகள். கருவியின் எண்ணிக்கையும் சீட்டுகளின் எண்ணிக்கையும் வேறுபட்டால், சீட்டுகளின் எண்ணிக்கையே செல்லும்.

எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை நீதிமன்றம் 2024 ஏப்ரல் 26 அன்று ஏற்கவில்லை. ஆயினும் இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள் எழுத்து மூலம் கேட்டால், 5 விழுக்காடு கருவிகளின் நினைவகத்தைப் பொறியாளர்களைக் கொண்டு சோதிக்க வழி செய்தது. வெற்றி வித்தியாசம் மிகக் குறைந்த தொகுதிகளில் இன்னும் அதிகச் சாவடிகளின் சீட்டுகளை எண்ணுவதே முறை என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த தேர்தலன்று மாலை, உங்கள் சாவடியில் இருக்கும் முகவரிடம் படிவம் 17சி நகலை வாங்கினாரா, முத்திரை எண்ணைக் குறித்துக்கொண்டாரா என்று மறக்காமல் கேளுங்கள்.