ஆய்வகத்தில் வளரும் கண்ணீர்ச் சுரப்பி: கேள்வி பதில்

கடுமையான கண் வறட்சிக்குக் கண்ணீர்ச் சுரப்பித் திசுவை ஆய்வகத்தில் வளர்ப்பது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். கருவிழிப் பிரிவில் இருப்பவன் என்ற முறையில் முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

ஷோக்ரன் நோய் (உடலின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர்ச் சுரப்பியைத் தாக்கும் நோய்), 9 வருடமாகக் கண்ணீர் இல்லை. நெதர்லாந்தில் அழும் சுரப்பியைச் செய்துவிட்டார்களாமே, எனக்கு எப்போது கிடைக்கும்?

தேதி சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன் அம்மா. 2021இல் அங்கே உட்ரெக்ட் நகரில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழு வளர்த்தது நுண்ணிய செல் உருண்டைகள். நரம்பு தரும் நோரட்ரினலினைக் கொடுத்ததும் கண்ணீர் சுரந்தது. ஆனால் வெளியே போக நாளம், அதாவது குழாய், இல்லாததால் உருண்டை பலூன்போல் உப்பியது. 2022இல் ஒசாகா பல்கலைக்கழகத்தில் மனித ஸ்டெம் செல்லிலிருந்து (பல வகைச் செல்லாக மாறக்கூடியது) வளர்த்ததை எலியின் கண்ணருகே நட்டபோது நாளங்கள் உருவாயின, கண்ணீர்ப் புரதமும் வந்தது. அதற்கும் முன்னால், 2013இல், டோக்கியோவில் கருநிலைச் செல்களால் செய்த சுரப்பி மொட்டு, சுண்டெலியின் நாளத்தோடும் நரம்போடும் இணைந்தது. கண்ணில் குளிர்ச்சி பட்டதும் கண்ணீர் வந்தது. நான் பெரிதாக மதிப்பது இதைத்தான். சுரப்பி தண்ணீர்ப் பை அல்ல. கண் கேட்கும்போது கொடுக்க வேண்டும்.

உங்கள் நோயில் இன்னொரு சிக்கல்: பழைய சுரப்பியை அழித்த அதே எதிர்ப்புச் சக்தி புதியதையும் தாக்கலாம். அதனால் கருவிழியை இன்றே காப்பாற்றுங்கள். உங்கள் ரத்தத்திலிருந்தே செய்யும் சீரம் சொட்டு, கண்ணீர் வடியும் துளையை அடைப்பது, வெள்ளைவிழிமேல் அமரும் பெரிய ஸ்கிளீரல் லென்ஸ் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

செல்போன் பார்த்தால் எரிகிறது. சுரப்பி மாற்றலாமா?

வேண்டாம். திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைகிறது. இமை ஓர எண்ணெய்ச் சுரப்பி அடைத்திருக்கிறதா என்றும் காட்டுங்கள்.

என் வறட்சி கடுமையா என்று எப்படித் தெரியும்?

கீழ் இமைக்குள் வடிகட்டித் தாள் பட்டை ஒன்றைச் செருகி 5 நிமிடம் வைப்போம். 5 மி.மீ.க்குக் குறைவாக நனைந்தால் கவலை. போன வாரம் ஒரு அம்மாவுக்கு எடுத்த தாளில் மடித்த நுனி மட்டும்தான் ஈரம். “மகள் கல்யாணத்தில்கூட அழ முடியலை சார்” என்றார்.

மெடிக்கலில் கொடுத்த சொட்டு நன்றாகக் கேட்கிறது. தொடரலாமா?

பெயரைப் பாருங்கள். ஸ்டீராய்டு என்றால் டாக்டர் சொல்லாமல் தொடராதீர்கள். கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு போய்விட்டால் திரும்ப வராது.

(பல் மருத்துவர்) தாடைக்கீழ் உமிழ்நீர்ச் சுரப்பியை நெற்றிப்பொட்டுக்கு மாற்றி, அதன் நீரைக் கண்ணுக்கு விடும் அறுவை ஏற்கெனவே உண்டே. ஆய்வகத்துக்கு ஏன் காத்திருக்க வேண்டும்?

நல்ல கேள்வி. பார்வை போகும் நிலையில் நானும் அதற்கு அனுப்புவேன். ஆனால் வெயிலில் நடந்தால் சிலருக்குக் கண் வழிந்தோடுகிறது.

(அவரே) வழிவது வறள்வதைவிட மேல்தானே? அதுவும் நீர்தானே?

இல்லை டாக்டர். உமிழ்நீரில் கண்ணீரைவிட உப்பு குறைவு. அது அதிகமானால் கருவிழி நீரை இழுத்து வீங்கும். கண்ணீருக்கு அதற்கே உரிய புரதக் கலவையும் உண்டு.

(மதுரையிலிருந்து) என் அத்தைக்கு உதட்டிலிருந்து எடுத்து வைத்தார்கள். நன்றாக இருக்கிறார்.

மகிழ்ச்சி. உதட்டின் சிறு சுரப்பிகள் கொஞ்சமாக, வழவழப்போடு சுரப்பவை. வழியும் தொல்லை குறைவு. பல் டாக்டர் பக்கம் இந்த அளவு நியாயம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கண் கேட்டால் கொடுக்கும் சுரப்பிதான் வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

ஸ்டெம் செல் ஊசி போட 3 லட்சம் கேட்கிறார்கள். போடலாமா?

பணம் கட்டாதீர்கள். கோபன்ஹேகனில் கொழுப்புத் திசுவின் ஸ்டெம் செல்லைக் கண்ணீர்ச் சுரப்பிக்குள் செலுத்திப் பார்த்தது ஆய்வு. ஆய்வுக்கு வருகிறவரிடம் சிகிச்சைக்குக் காசு கேட்கக் கூடாது.

சார், மெடிக்கலில் வாங்கிய சொட்டு…

இதே கேள்வி இன்னும் 4 பேரிடமிருந்து வந்திருக்கிறது. மேலே சொன்னதுதான் பதில். பாட்டிலை எடுத்துக்கொண்டு இந்த வாரமே கண் டாக்டரிடம் போய் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.