வளைவை விட்டு வெளியே வரும்போது சுழலும் நாஸ்கார் கார்: பிழை எங்கே?

வாசகர் கேள்வி: சிமுலேட்டரில் ஜிடி3 கார்களை (சாலைக் கார்களை அடிப்படையாகக் கொண்ட பந்தயக் கார்கள்) ஓட்டிப் பழகியவன் நான். இப்போது அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயங்களில் முதன்மைத் தொடரான கப் தொடரின் காருக்கு மாறி, மார்ட்டின்ஸ்வில் ஓவலில் (இடது பக்கமே திரும்பும் நீள்வட்ட டிராக்) ஓட்டுகிறேன். வளைவின் நடுவில் வண்டி திரும்ப மறுக்கிறது. வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்பக்கம் சுழன்றுவிடுகிறது. பின்பக்கப் பிடிப்பைக் கூட்ட செட்டப்பை (எடைப் பகிர்வு, டயர் காற்று போன்ற அமைப்புகளை) மாற்றினேன், இன்னும் மோசமானது. இந்தக் காரின் அமைப்பே வேறா, இல்லை நான் ஓட்டும் விதத்தில் பிழையா?

பதில்: இரண்டும்தான். ஆனால் நீங்கள் கை வைத்த இடம் தவறு. வெளியே வரும்போது நடக்கும் சுழற்சிக்கு விதை, நீங்கள் வளைவுக்குள் நுழையும்போதே விழுந்துவிடுகிறது.

நடப்பது இதுதான். தேவைக்கு மேல் வேகத்தோடு உள்ளே போகிறீர்கள். முன் டயர்கள் சறுக்க, வண்டி நேராக ஓடப் பார்க்கிறது. நீங்கள் ஸ்டியரிங்கை இன்னும் திருப்புகிறீர்கள். வேகம் குறைந்ததும், அதிகமாகத் திரும்பியிருக்கும் அந்த முன் டயர்கள் சட்டென்று தரையைப் பிடிக்கின்றன. சரியாக அதே நொடியில் உங்கள் கால் ஆக்சிலரேட்டரில் இருக்கிறது. பின்பக்கம் சுழலாமல் என்ன செய்யும்? நாஸ்கார்காரர்கள் வண்டி திரும்ப மறுப்பதை டைட் என்றும், பின்பக்கம் நழுவுவதை லூஸ் என்றும் சொல்வார்கள். உங்களுக்கு வெளியே தெரிவது லூஸ், உள்ளே இருப்பது டைட். பின்பக்கப் பிடிப்பைக் கூட்டினால் வண்டி இன்னும் டைட் ஆகும், நீங்கள் இன்னும் அதிகமாகத் திருப்புவீர்கள், அடுத்த சுழற்சி இன்னும் வேகமாக வரும்.

ஜிடி3 காரில் இது ஏன் தெரியவில்லை? அங்கே ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) இருக்கிறது, டிராக்‌ஷன் கன்ட்ரோல் (ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுப்பது) இருக்கிறது. எடையும் தோராயமாக 1,300 கிலோதான். கப் காரில் அந்த இரண்டு உதவியும் கிடையாது. ஓட்டுநரும் எரிபொருளும் இல்லாமலே குறைந்தபட்ச எடை 3,200 பவுண்டு, அதாவது சுமார் 1,450 கிலோ. 5.86 லிட்டர் வி8 இன்ஜின், 2022 முதல் பெரும்பாலான டிராக்குகளில் தந்துவந்தது 670 குதிரைத்திறன். இவ்வளவு சக்தியைப் பின் சக்கரங்களில் கொட்டும்போது கணக்குப் பார்ப்பது உங்கள் வலது கால் மட்டும்தான். ஃபார்முலா 1 காரிலும் ஏபிஎஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல் இல்லைதான். ஆனால் 2025 விதிப்படி ஓட்டுநரையும் சேர்த்தே அதன் குறைந்தபட்ச எடை 800 கிலோ. அதிவேகத்தில் டவுன்ஃபோர்ஸ், அதாவது காற்று கீழ்நோக்கி அழுத்தும் விசை, அதைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும். அதனால் முதலில் பிரேக்கை ஓங்கி மிதித்து, பிறகு மெல்ல விட்டுக்கொண்டே வரலாம். மார்ட்டின்ஸ்வில் ஒரு சுற்று 0.526 மைல்தான், வளைவுகளின் சாய்வு 12 டிகிரி. அந்த வேகத்துக்கு காற்று பெரிதாக உதவாது. கனமான வண்டியை டயரும் பிரேக்கும்தான் தாங்க வேண்டும்.

உங்களைக் குழப்பும் இன்னொரு விஷயமும் உண்டு. 2022-இல் வந்த புதிய கப் கார் காகிதத்தில் ஜிடி3 மாதிரியே தெரியும். இரண்டு பின் சக்கரங்களையும் இணைத்த பழைய ஒற்றை பின் அச்சு போய், தனித்தனி பின் சஸ்பென்ஷன் வந்தது. நாலு கியர் எச்-பேட்டர்ன் போய், கியர்களை வரிசையாக மட்டுமே மாற்றும் ஐந்து கியர் சீக்வென்ஷியல் வந்தது. 15 அங்குல சக்கரம் 18 அங்குலமானது, ஐந்து நட்டுக்குப் பதில் ஒரே நட்டு, அடியில் தட்டையான தளமும் பின்னால் டிஃப்யூசரும் (அடியில் போகும் காற்றை வெளியேற்றி டவுன்ஃபோர்ஸ் தருவது). இடமும் வலமும் திரும்பும் சாலை மாதிரியான டிராக்குகளில் இந்த ஒற்றுமை உண்மையாகவே பலன் தருகிறது. ஆஸ்திரேலிய சூப்பர்கார்ஸிலிருந்து வந்த ஷேன் வான் கிஸ்பெர்கன், 2023 சிகாகோ தெருப் பந்தயத்தில் தன் முதல் கப் பந்தயத்தையே ஜெயித்தார். 2025-இல் அவர் ஜெயித்த ஐந்தும் அந்த வகை டிராக்குகளில்தான். ஓவல் வேறு கணக்கு. ஃபார்முலா 1-லிருந்து போன ஹுவான் பாப்லோ மொன்டோயா இண்டியானாபொலிஸ் 500-ஐ இரண்டு முறை வென்றவர். ஓவல் தெரியாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் கப் காரில் அவருக்குக் கிடைத்த இரண்டு வெற்றிகளும் சோனோமா, வாட்கின்ஸ் கிளென்னில்தான். ஒரு ஓவல்கூட இல்லை. (நம் நரேன் கார்த்திகேயனும் 2010-இல் நாஸ்கார் டிரக் தொடரில் இறங்கினார். முதல் பந்தயம் இதே மார்ட்டின்ஸ்வில்லில்தான், 13-ஆம் இடம். அந்த டிராக்கில் புதியவருக்கு அது மோசமே இல்லை.)

புதிய காரின் டயர் பக்கச்சுவர் குட்டையானது. பழைய டயர் நழுவுவதற்கு முன் கொஞ்சம் நெளிந்து எச்சரிக்கும், இது அவ்வளவு அவகாசம் தராது. அதனால் நழுவிய பிறகு காப்பாற்றுவதை நம்பாதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? செட்டப்பை முதலில் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். ரீப்ளேயில் வளைவின் நடுவில் ஸ்டியரிங் கோணத்தை மட்டும் பாருங்கள். கோணம் கூடிக்கொண்டே போக, வண்டி கூடுதலாகத் திரும்பவில்லை என்றால் நுழைவு வேகம் அதிகம். ஆக்சிலரேட்டரைச் சீக்கிரம் விடுங்கள். பிரேக்கை மென்மையாக, நீளமாக மிதித்து, வளைவுக்குள் போகப் போக விடுங்கள். ஜிடி3-இல் ஏபிஎஸ்ஸை நம்பிக் கடைசி நொடியில் அழுத்தும் பழக்கம்தான் உங்களை இங்கே கெடுக்கிறது. வண்டியின் மூக்கு வெளிவாசலைப் பார்க்கும்வரை காத்திருங்கள். பிறகு ஸ்டியரிங்கை எவ்வளவு நேராக்குகிறீர்களோ, அவ்வளவுதான் ஆக்சிலரேட்டர். முதல் சில சுற்றுகள் மெதுவாகப் போவதாகவே தோன்றும், நேரத்தைப் பாருங்கள், குறைந்திருக்கும்.

இதற்குப் பிறகும் நடுவில் டைட்டாக இருந்தால் கிராஸ் வெயிட்டைத் தொடுங்கள். வலது முன், இடது பின் டயர்கள் சேர்ந்து மொத்த எடையில் எத்தனை சதவீதத்தைத் தாங்குகின்றன என்பதுதான் அது. இடது பக்கமே திரும்பும் ஓவலில் அதைக் கூட்டினால் வண்டி டைட், குறைத்தால் லூஸ். பிட்டில் (பந்தயத்தின் நடுவே வண்டியை நிறுத்தும் இடம்) ஒருவர் பின் கண்ணாடி வழியாக நீளமான ரெஞ்சை விட்டுத் திருகுவாரே, அவர் மாற்றுவது இதைத்தான். அரை சதவீதம் குறைத்து, டயர் சூடேறும் அளவுக்கு ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததைத் தொடுங்கள். அடுத்தது வலது பின் டயரின் காற்று: கொஞ்சம் கூட்டினால் லூஸ் பக்கம் போகும், குறைத்தால் டைட்.

இணையத்தில் டிராக் பாரை (பின் அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) ஏற்று, இறக்கு என்று ஆலோசனைகள் நிறையக் கிடைக்கும். அவை ஒற்றை பின் அச்சு கார்களுக்கானவை. உங்கள் கப் காரில் டிராக் பாரே கிடையாது.

அப்புறம், பெரிய ஓவல்களுக்கு மாறும்போது காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும். முன்னால் போகும் வண்டிக்கு நேர் பின்னால் இருந்தால் உங்கள் முன்பக்க டவுன்ஃபோர்ஸ் குறைந்து வண்டி டைட் ஆகும். வலது பின் ஓரத்தை ஒட்டி இன்னொருவர் வந்தால் திடீரென்று லூஸ் ஆகும். அந்த நேரத்தில் செட்டப் காப்பாற்றாது. அவர் ஒட்டி வருவதைக் கண்ணாடியில் பார்த்த உடனே ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் விட்டு, ஸ்டியரிங்கை அசைக்காமல் பிடியுங்கள்.