எரேமியாவை நடுவில் நிறுத்த வேண்டாம், 32-ஐ இப்போதே படியுங்கள்

சகோதரி, பைபிளில் எரேமியா புத்தகத்தை 20-ஆம் அதிகாரம் தாண்டிப் படித்தும் தண்டனையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை, மனது பாரமாகி மூடி வைத்துவிடலாம் போலிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வரிசையாகப் படிப்பதைச் சற்று விட்டுவிட்டு, 32-ஆம் அதிகாரத்துக்குப் போங்கள்.

எருசலேமைப் பாபிலோன் படை முற்றுகையிட்டிருக்கிறது. நகரம் விழும் என்று சொன்னதற்காக தீர்க்கதரிசி எரேமியா காவலில் இருக்கிறார். அப்போது பங்காளி அனாமெயேல் வந்து, சொந்த ஊரான ஆனதோத்தில் உள்ள நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எதிரியின் கைக்குப் போகும் நிலம்! எரேமியா வாங்குகிறார். 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார், சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள். முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று. இரண்டையும் நெடுநாள் கெடாமல் இருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லி தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுக்கிறார். இந்த மண்பாண்டத்தை நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கும்.

அப்புறம் அவரே கடவுளிடம் கேட்கிறார்: நகரம் கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போகிறதே, என்னை ஏன் நிலம் வாங்கச் சொன்னீர்? அவருக்கும் புரியவில்லை, பாருங்கள்.

அடுத்த ஆண்டே நகரம் விழுந்தது. தண்டனை நீங்கவில்லை. 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி, இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்றான். எரேமியா அதைப் பொய் என்றார். எரேமியா சொன்ன நம்பிக்கை, இந்த நாட்டில் மறுபடியும் வீடும் நிலமும் வாங்கப்படும் என்பது, அழிவுக்கு அப்பால் இருந்தது. 32 முடிந்ததும் 30, 31-ஐப் படித்துவிட்டு, நீங்கள் நிறுத்திய இடத்துக்குத் திரும்புங்கள்.